ஒரு சீக்கும் இல்லாத பிள்ளை

உக்காருங்க சார். அந்தத் துண்டு என்னோடதுதான், எடுத்துக்கிறேன். இந்த மொத்த கேலரியிலயும் நிழல் இந்த ஒரு மூலையிலதான் விழுது. நீங்க எந்தப் பக்கம்? இந்தக் காலேஜா? சரி சரி. நானும் இந்தக் காலேஜுக்காகத்தான் ராஜபாளையத்துல இருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்திருக்கேன். ஆனா இவங்க பாஸ்கெட்பால்ல ஜெயிக்கிறதைப் பாக்க வரல. தோக்குறதைப் பாக்க வந்திருக்கேன்.

நெசமாத்தான் சார் சொல்றேன். இன்னைக்கு இவங்க தோக்கணும். நல்லாத் தோக்கணும். அந்தா வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு கோட்டுக்கு வெளிய நின்னு கையை ஆட்டுறாங்களே, பிரிசில்லா மேடம், கோச்சு, அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறதை என் கண்ணால பாக்கணும்.

உங்க பொண்ணும் ஆடுதா? எது? பதினோராம் நம்பரா?

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. நல்லாத்தான் ஆடுது. கையைக் கொஞ்சம் மேல தூக்கச் சொல்லுங்க, ரீபவுண்டுக்கு எக்கும்போது முழங்கை மடங்குது. பேரு என்ன? சங்கமித்ராவா. முதல் வருஷம்தானே, பழகிரும். ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. அந்தப் பதினோராம் நம்பர் என் பொண்ணோடது. உங்க பிள்ளை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. குடுத்தாங்க, போட்டுக்கிச்சு. குடுத்தவங்களைத்தான் சொல்றேன்.

என் பொண்ணு அந்தா, டேபிள்ல. ஸ்கோர் எழுதுறாங்கல்ல மூணு பேர், அதுல நடுவுல. உக்காந்திருக்கும்போதே தெரியுதுல்ல ஒசரம்? பவதாரணி. வீட்டுல தாரணி. போன வருஷம் வரைக்கும் இந்த டீம்ல அவளைச் சுத்தித்தான் ஆட்டமே. இப்ப கணக்குப்பிள்ளை மாதிரி உக்கார வச்சிருக்காங்க.

நான் மில்லுல ஃபிட்டர் சார். ஒரு காலத்துல மில் டீமுக்கு ஆடினவன். எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியாதவன் கூட இருப்பான், பாஸ்கெட்பால் கோட்டுக்கு வழி தெரியாதவன் இருக்க மாட்டான். இவ நாலாப்பு படிக்கும்போதே கூட்டிட்டுப் போயிட்டேன். காலையில அவளை எழுப்பி, கோட்டைக் கூட்டிப் பெருக்கி, லேசா வெளிச்சம் வரும்போது பந்தைக் கையில குடுப்பேன். இந்திராணி திட்டுவா, என் வீட்டுக்காரி. "பொட்டப்பிள்ளைக்கு இப்பவே முட்டியெல்லாம் தழும்பு, நாளைக்கு எவன் கட்டுவான்"னு. நான் காதுல வாங்க மாட்டேன். ஏன்னா பிள்ளைகிட்ட இருந்த அந்தத் துள்ளல் இருக்கே, அது சொல்லிக் குடுத்து வர்றதில்ல சார். எங்க குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் அது இருந்துச்சு, அதுக்கப்புறம் இவளுக்குத்தான்.

ஃபவுலா அது? தள்ளுனது அந்தப் பிள்ளை, விசில் இவங்க மேல. நல்லது, அடிக்கட்டும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். விளையாட்டு கோட்டாவுல சீட்டு. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் காலேஜ் செலவு. ரெண்டாம் வருஷம் யுனிவர்சிட்டி டீம் கேம்ப்புக்குக் கூப்பிட்டாங்க. எனக்கு ஊர்ல நடை மாறிப்போச்சுன்னு சொன்னாங்க சார், அம்புட்டு சந்தோஷம். அந்த நேரம் பாத்து ஒரு நா பிராக்டீஸ்ல இவளுக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு வந்திருக்கு. ஓடிக்கிட்டே இருந்தவ அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. ஒரு நிமிஷம் கூட இருக்காது. தண்ணி தெளிச்சதும் எந்திரிச்சு, "ஆடுறேன் மேடம்"னு நின்னிருக்கா. காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போயிருக்கா, அவ்வளவுதான். ஹாஸ்டல் பொங்கலை யாரு தின்பாங்க? உங்களுக்கும் தெரியும்ல, பொம்பளப்பிள்ளைங்க சாப்பிடுற லட்சணம்?

இந்த மேடம் அத்தோட விட்டிருக்கலாம்ல. விடல. ஈசிஜி எடுன்னாங்க. ஈசிஜி சரியில்ல, எக்கோ எடுன்னாங்க. அப்புறம் பெரிய ஸ்கேன். எல்லாம் பாத்துட்டு ஒரு டாக்டர், மீசை கூடச் சரியா மொளைக்காத ஆளு, என்னைக் கூப்பிட்டு வச்சுச் சொல்றாரு, "இருதயத்தோட நடுச்சுவர் தடிச்சிருக்கு. இது பிறப்புல வர்றது. வேகமா ஓடுற ஆட்டம் எதுவும் ஆடக் கூடாது"ன்னு.

நான் கேட்டேன், "எத்தனை மாசத்துக்கு டாக்டர்?"

"மாசக் கணக்கு இல்லங்க. போட்டி ஆட்டமே வேண்டாம். ஓடும்போது துடிப்பு தப்பிருச்சுன்னா, திருப்பிக் கொண்டுவர நேரம் இருக்காது."

எப்படி இருக்கும் சார் எனக்கு? ஒரு சீக்கும் இல்லாத பிள்ளை. ஒரு சளி, காய்ச்சல்னு படுத்ததில்ல. மத்த பிள்ளைங்க நாலு சுத்து ஓடி நாக்கைத் தள்ளும்போது இவ பத்தாவது சுத்துல சிரிச்சுக்கிட்டு வருவா. அவளைப் பாத்து இருதயம் சரியில்லைங்கிறான். விளையாடுறவங்களுக்கு இருதயம் கொஞ்சம் தடிப்பாத்தான் இருக்கும். கை தடிக்கல, கால் தடிக்கல? அது மட்டும் எப்படி மெலிசா இருக்கும்? ஃபிட்டருக்குத் தெரியாதா சார், ஓடுற மோட்டாருக்குச் சுவர் கெட்டியாத்தான் இருக்கணும்.

நேரா மேடம் ரூமுக்குப் போனேன். தாரணி வெளிய நின்னா.

"மேடம், கேம்ப்புக்கு எப்ப அனுப்புறீங்க?"

"அனுப்பல சார். டாக்டர் பேசுனாருல்ல உங்ககிட்ட?"

"டாக்டர் பேசுனாரு. நான் உங்களைக் கேக்குறேன். பத்து வருஷம் நான் வளத்த ஆட்டம். நீங்க பாத்தது ரெண்டு வருஷம்."

"ஆமா சார். அவளை மாதிரி ஒரு பிள்ளை எனக்கு இனிமே கிடைக்க மாட்டா. அது எனக்குத் தெரியும். ஆனா டாக்டர் எழுதித் தராம என் கோட்டுல அவ ஓட மாட்டா."

"எழுதித் தந்தா?"

மேஜை மேல கிடந்த ரிப்போர்ட்டை மடிச்சு வச்சாங்க அந்தம்மா. அப்புறம், "எந்த டாக்டர், என்ன கேட்டு எழுதுனாருன்னு நான் பேசுவேன் சார்"னாங்க.

பாத்தீங்களா திமிரை? வேற டாக்டர் எழுதுனாலும் அவரையும் இவங்க விசாரிப்பாங்களாம். இவங்க என்ன போலீஸா? அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இதுல ஏதோ இருக்கு. வேற எவளையோ அந்த இடத்துல ஏத்திவிடத்தான் இந்த நாடகம்னு நெனச்சேன். உங்க பிள்ளையைச் சொல்லல சார். உங்க பிள்ளை அப்ப காலேஜுலயே சேரலையே.

அந்த வாரமே வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வேற ஊரு. பெரிய டாக்டர், வயசானவரு, தங்கமான மனுஷன். ஸ்கேனை எல்லாம் வெளிச்சத்துல வச்சுப் பாத்தாரு. தாரணியைப் படுக்க வச்சு ரொம்ப நேரம் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப்பை வச்சுக் கேட்டாரு. அப்புறம் சொன்னாரு, "இது ரெண்டுங்கெட்டான் அளவுல இருக்கு. நோயாவும் இருக்கலாம், ஆட்டக்காரங்களுக்கு வர்ற தடிப்பாவும் இருக்கலாம்." நான் நிமிந்து உக்காந்தேன். நான் சொன்னதையே சொல்றாரு பாருங்க. அப்புறம் கேட்டாரு, "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? ஆடும்போதோ, ஓடும்போதோ, தூக்கத்துலயோ?"

இல்லைன்னேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த முடிவுக்கு அது ரொம்ப முக்கியம்."

"எங்க வம்சத்துல எல்லாரும் எம்பது தாண்டுனவங்க டாக்டர்"னேன்.

சரின்னு சொல்லி, மூணு மாசம் ஓடாம இருந்துட்டு வரட்டும், தடிப்பு குறைஞ்சா அது ஆட்டத்தால வந்ததுதான், அதுவரைக்கும் லேசா ஷூட்டிங் மட்டும் பண்ணலாம்னு எழுதிக் குடுத்தாரு. ஒரு கதவைத் திறந்து விட்டாரு சார். இந்த மேடம் சாத்துன கதவை. மூணு மாசம் என்ன, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிரும்.

பஸ் ஸ்டாண்டுல வந்து டீ குடிச்சோம். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். இவ டம்ளரை வாய்ல வைக்கவே இல்ல. அப்புறம் கேக்குறா, "அப்பா, அவரு கேட்டப்ப வீரா சித்தப்பாவைச் சொல்லலையே."

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "அது வெயில்ம்மா. அதை எதுக்குச் சொல்லணும்?"

"வெயில்னே சொல்லியிருக்கலாமே. அவரு முடிவு பண்ணியிருப்பாரே."

பெத்தவனைப் பாத்துக் கேக்குற கேள்வியா சார் இது?

வீரா என் தம்பி. ஜெயவீரன். அவன் விஷயமே வேற, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவனும் எங்க மில் டீம்லதான் ஆடினான். சித்திரை மாசம். சுருண்டு விழுற வெயில். எங்க ஆத்தா அன்னைக்குச் சொன்னது இன்னைக்கும் என் காதுல இருக்கு, "என் பிள்ளையைச் சூடு அடிச்சுப்புருச்சே"ன்னு. ஊரே அதைத்தான் சொல்லுச்சு. நான்தான் பாஸ் குடுத்தேன். ரெண்டே எட்டு வச்சு எக்கினான், பந்து போர்டுல பட்டு உள்ள விழுது, எல்லாரும் கைதட்டுறாங்க, இவன் கீழ விழுந்தவன் எந்திரிக்கல. விளையாட்டுக்குப் படுத்திருக்கான்னு நான் போயி காலால எத்துனேன் சார். "எந்திரிடா, நடிக்காத"ன்னேன். லைட்டு வெளிச்சத்துல முகம் அப்படியே...

என்ன? லைட்டா? ஆமா, லைட்டு போட்டிருந்தாங்க. சாயங்காலம் முடிஞ்சு லேசா இருட்டிருச்சு. அன்னைக்கு மத்தியானம் ஒரு தூத்தல் கூடப் போட்டு, தரையெல்லாம் துடைச்சுட்டுத்தான் ஆடுனோம். அதனால என்ன? பகல் முழுக்க வாங்குன சூடு உடம்புக்குள்ள இருக்காதா? நீங்களும் என் பொண்ணு மாதிரியே கேக்குறீங்க.

விடுங்க. ஸ்கோரு என்ன? ரெண்டு பாயிண்ட் முன்னால இருக்காங்களா இவங்க? இருக்கட்டும், இன்னும் நேரம் கிடக்கு.

அவ என்ன பண்ணுனா தெரியுமா? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லாம, அந்தப் பெரிய டாக்டருக்குப் போன் போட்டிருக்கா. "எங்க சித்தப்பா சின்ன வயசுல கோட்டுல ஆடிக்கிட்டிருக்கும்போதே இறந்துட்டாரு. எங்கப்பா சொல்ல மறந்துட்டாரு"ன்னு. மறந்துட்டேனாம். அதுல ஒரு மரியாதை குடுக்குறாளாம். அந்த மனுஷன் உடனே எழுதுனதை ரத்துன்னு சொல்லிட்டாரு. மூணு மாசம் எல்லாம் பாக்க வேண்டியதில்ல, ஆட்டம் வேண்டாம்னுட்டாரு. இவளே போயி மேடம்கிட்டயும் சொல்லியிருக்கா. அந்தம்மா இவளைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்களாம். நாடகம் பாருங்க.

பெத்த பொண்ணே என்னைக் காட்டிக் குடுத்தா சார். அதுதான் எனக்கு ஆறல. மேடம் செஞ்சா அவங்க வேத்தாளு. டாக்டர் செஞ்சா அவரு வேத்தாளு. என் கையைப் பிடிச்சு நடந்தவ, என் பேச்சைப் பொய்னு ஆக்கிட்டா.

அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் அவகிட்டப் பேசல. லீவுக்கு வந்தா. நான் தட்டைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிருவேன். அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அது வேற எனக்கு எரியும். பத்து வருஷ ஆட்டம் போச்சு, ஒரு நாளாவது அழுதிருந்தாள்னா எனக்கும் மனசு ஆறியிருக்கும். ஒரு நா இந்திராணிகிட்ட இதைச் சொன்னேன். அவ கரண்டியைக் கீழ வச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. "குளியல் ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு ஒரு மணி நேரம் அவ என்ன செய்யுறான்னு நெனச்சீங்க?"ன்னா.

நான் குளிக்கிறான்னு நெனச்சேன் சார்.

காலேஜுல ஃபீஸ் கேப்பாங்க, ஆடாத பிள்ளைக்கு எதுக்கு கோட்டான்னு ஹாஸ்டலை விட்டு வெளிய அனுப்புவாங்கன்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன். அனுப்பியிருந்தா வந்து சட்டையைப் பிடிச்சிருப்பேன். அனுப்பல. மேடம் பிரின்சிபால்கிட்ட நின்னு பேசி, டீமோட ஆளாவே வச்சுக்கிட்டாங்களாம். நடுவர் பரிச்சை வேற எழுத வைக்கிறாங்க. ஸ்கோர் டேபிள், விசில், இதெல்லாம் ஒரு ஆட்டமா? ஊர்ல கேக்குறான், "என்னப்பா, உம் பொண்ணு ஆடலையா"ன்னு. நான் என்ன சொல்ல? டேபிள்ல உக்காந்து எழுதுறாள்னா சொல்ல?

இப்ப புதுசா ஒண்ணு. எனக்கும் எக்கோ எடுக்கணுமாம். இது ரத்தத்துல வர்றதாம், அப்பா வழியா வந்திருக்குமாம். அம்மாவும் மகளும் சேந்துக்கிட்டாங்க. எனக்கு என்ன சார் கேடு? மில்லுல மேல் மாடிப் படி ஏறும்போது ஒரு நேரம் கண்ணு இருட்டும், அது பித்தம். தாரணி ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில நாள் வாங்கிக் குடுத்தா. மில்லுல லீவு கிடைக்கலைன்னு சொல்லிட்டேன். இன்னைக்கா? இன்னைக்கு லீவு போட்டேன்தான். அது வேற விஷயம் சார்.

நான் உங்களுக்கு ஒரு புத்தி சொல்றேன், கேட்டா கேளுங்க. உங்க பிள்ளைக்கு இவங்க ஈசிஜி அது இதுன்னு வந்தா ஒத்துக்காதீங்க. இல்லாத சீக்கை இருக்குன்னு சொல்லிருவாங்க. எடுத்தாச்சா? டீம்ல எல்லாருக்கும் எடுத்தாங்களா?

என்ன சொன்னாங்க?

நல்லா இருக்குன்னு சொன்னாங்களா. எக்கோவும் எடுத்தாங்களா? நல்லாக் கேட்டீங்களா? ம். சரி. சரி. நல்லது.

பாருங்க, உங்க பிள்ளைதான் பந்தை எடுத்துட்டு ஓடுது. நல்லா ஓடுது. ஆளே இல்ல முன்னால. ரெண்டு எட்டு, எக்கு, எக்கு...

விழுந்துருச்சு.

எந்திரிக்கலையே. சார், உங்க பிள்ளை எந்திரிக்கலையே. சும்மா உக்காந்திருக்கீங்களே, எந்திரிங்க. ஏய், ஆட்டத்தை நிறுத்துங்கடா. நெஞ்சைப் பாருங்க. மேடம், நெஞ்சைப் பாருங்க. யாராவது அவனைத் திருப்பிப் போடுங்க. வழியை விடுங்கய்யா. டேய், எந்திரிடா. வீரா. வீரா.

…

ஆங். கையை ஆட்டுது. உக்காந்துருச்சு. கணுக்காலைப் பிடிக்குது. சுளுக்குதான். வெறும் சுளுக்கு. சிரிக்குது பாருங்க உங்க பிள்ளை. ஒண்ணுமில்ல சார், பயப்படாதீங்க. நீங்க போயி ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

என்ன பேரு சொன்னேன்? சங்கமித்ரான்னுதான் கத்துனேன். வீரான்னா? இல்லையே. உங்களுக்கு இந்தச் சத்தத்துல தப்பாக் கேட்டிருக்கும்.

நான் எப்படி இவ்வளவு கீழ வந்தேன்? செருப்பு மேலயே கிடக்கு போல. இல்ல சார், நடுங்கல. வெயிலு.

எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பாக்குறாங்க, இவ மட்டும் என்னையே பாக்குறா, பாருங்க. பேனாவைப் பக்கத்துல இருக்கிற பிள்ளைகிட்டக் குடுத்துட்டா. எதுக்கு வர்றா இங்க? ஆட்டம் இன்னும் முடியல, டேபிளை விட்டு எந்திரிக்கலாமா? மேடம் ஒண்ணும் சொல்லலையா? தலையை ஆட்டி அனுப்புறாங்க.

என்னம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. சத்தமா? சும்மா ஒரு சத்தம் குடுத்தேன். தண்ணியெல்லாம் வேணாம். அழாதம்மா, இத்தனை பேரு பாக்குறாங்க. எங்க, டேபிள் பக்கத்துலயா? அந்த மேடம் பக்கத்துலயா நான் உக்காரணும்? உக்கார மாட்டேன். அந்தம்மா மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல. நாளைக்கா? நாளைக்கு எந்த ஆஸ்பத்திரி? அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். சரி, போவோம். போவோம்னு சொல்லிட்டேன்ல.

இந்தப் படி செங்குத்தா இருக்கு. கையை விடும்மா, எனக்கு எறங்கத் தெரியும்.

சரி. பிடிச்சுக்க.